பரண்மேல் கிடக்கும் தாத்தாவின் துப்பாக்கி: தர்மபுரி, கிருஷ்ணகிரி மலையோரக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அஞ்செட்டி, உரிகம், நாட்ராம்பாளையம், பென்னாகரம், சித்தேரி என்று எந்த மலையோர ஊரை எடுத்தாலும், பழைய வீடுகள் ஒன்றிரண்டிலாவது ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கும். இல்லையென்றால் இருந்த கதையாவது இருக்கும். ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்தோ தோட்டாவோ போட்டுத்தான் அடுத்த தடவை சுட முடியும், அந்த வகை. தாத்தா உயிரோடு இருந்தவரை லைசென்ஸ் புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார், ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பித்து வருவார். அவர் போனபிறகு துப்பாக்கி பரணுக்கும், புத்தகம் டிரங்குப் பெட்டிக்கும் போய்விடும். பேரன் ஒருநாள் வீட்டை இடித்துக் கட்டும்போது இரண்டும் வெளியே வரும்.

அந்தப் பேரனுக்காகத்தான் இது. அவன் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும், "இதை வைத்து மலைக்கு வேட்டைக்குப் போகலாமா?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

வேட்டை: முடிந்துபோன கதை

போக முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. அதன் 9-ஆம் பிரிவு அட்டவணையில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, துரத்துவது, காயப்படுத்துவது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது, பறவை முட்டையை எடுப்பது வரை சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். "சும்மா பயமுறுத்தத்தான் சுட்டேன்" என்ற வாதம் எடுபடாமல் போவது இதனால்தான்.

தண்டனையும் சின்னதில்லை. யானை, சிறுத்தை போன்ற முதல் அட்டவணை விலங்கு என்றாலோ, சரணாலயத்துக்குள் நடந்தது என்றாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அதோடு அபராதம். பயன்படுத்திய துப்பாக்கியும் வண்டியும் அரசுச் சொத்தாகிவிடும். தண்டனை பெற்றவரின் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்து, 5 ஆண்டுக்கு வேறு லைசென்ஸ் கிடைக்காதபடி நீதிமன்றம் உத்தரவிடலாம். லைசென்ஸ் வைத்திருப்பவர் கையில் லைசென்ஸ் இல்லாதவரைவிட இழப்பதற்கு நிறைய இருக்கிறது என்பதை நம் ஆட்கள் பலர் யோசிப்பதே இல்லை.

யூடியூபில் ஆல்ப்ஸ் மலையிலோ நியூசிலாந்திலோ ஒருவர் பழைய ஒற்றைத் தோட்டா ரைபிளோடு ஏறுவதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அந்த ரைபிள்களின் அழகை நானும் மறுக்கவில்லை. 1872-இல் காப்புரிமை பெற்ற ஃபார்க்கர்சன், ஜான் பிரவுனிங் வடிவமைத்து வின்செஸ்டர் கம்பெனி 1885-இல் கொண்டுவந்தது, அந்த மரபில் 1967-இல் வந்த ரூகர் நம்பர் ஒன் எல்லாமே ஒரு தோட்டாதான் கொள்ளும். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் அறை இல்லாததால் அதே நீளக் குழலோடு மொத்தத் துப்பாக்கி குட்டையாக இருக்கும், மலையேற வசதி. ஆஸ்திரியா, ஜெர்மனி பக்கத்து மலை வேட்டைக்காரர்கள் நடுவில் மடியும் ஒற்றைக்குழல் ரைபிளை இன்றும் விரும்பி வைத்திருப்பதும் எடைக்காகத்தான். இரண்டாவது வாய்ப்பு இல்லை என்று தெரிந்தால் மனிதன் கிட்டத்தில் போகும்வரை பொறுமையாக இருப்பான் என்பது அவர்கள் சொல்லும் இன்னொரு நியாயம்.

ஆனால் அங்கே நிலைமை வேறு. நியூசிலாந்தில் இமாலய வரையாட்டை 1904-இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இயற்கை எதிரி இல்லாமல் பெருகி அந்த மலைச் செடிகொடிகளை அழித்ததால் வேட்டைக்கு அனுமதி இருக்கிறது. இங்கே அதன் உறவான நீலகிரி வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு, முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த நாட்டில் குடியிருக்கும் சொந்தக்காரர் அந்த நாட்டு லைசென்ஸோடு போகட்டும். நம் மேலகிரி மலைக்கு அந்தப் படம் பொருந்தாது.

சரி, அப்படியானால் இந்தத் துப்பாக்கியை என்ன செய்வது? வரிசையாகப் பார்ப்போம்.

முதலில்: உள்ளே மருந்து இருக்கிறதா?

பரணிலிருந்து எடுத்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, விசையை இழுத்துப் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். குழல்வாய் வழியாக மருந்து திணிக்கும் பழைய துப்பாக்கிகளைப் பன்றிக் காவலுக்காக நிரப்பி அப்படியே வைத்துவிடும் வழக்கம் இருந்தது. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் முப்பது நாற்பது ஆண்டு கழித்தும் பற்றிக்கொள்ளும்.

சோதிக்கும் முறை இது. குழல்வாய் யார் பக்கமும் திரும்பாமல், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் இருக்கட்டும். சுத்தியலுக்குக் கீழே சிறு குமிழ் மாதிரி ஒரு முனை இருக்கும். அதன்மேல் செப்பு நிறத்தில் கேப்பு, அதாவது சுத்தியல் அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, மாட்டியிருக்கிறதா என்று தொடாமல் பாருங்கள். கேப்பு இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, கையை எடுத்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கேப்பு இல்லை என்றால், முகத்தையும் உடம்பையும் குழல்வாய்க்கு நேரே வராமல் விலக்கிவைத்துக்கொண்டு, ஒரு மெல்லிய மரக்குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். குத்தக் கூடாது, தானாக இறங்கட்டும். நின்ற இடத்தில், குழல்வாய் விளிம்புக்கு நேராகக் குச்சியில் ஒரு கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, அந்தக் கோட்டைக் குழல்வாய் விளிம்பில் பொருத்தி, குழலின் வெளிப்பக்கத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். குச்சியின் நுனி கேப்பு முனைக்குப் பக்கத்தில், அடிவரை போய் நின்றால் குழல் காலி. மூன்று நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. துரு, குளவிக் கூடு, பழைய துணி எதுவாகவும் இருக்கலாம், திணித்த மருந்தும் ரவையுமாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் மருந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பி விட்டுக் குடைந்து எடுக்கிற வேலையை வீட்டில் செய்யக் கூடாது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையின் மெக்கானிக்கோ, காவல்துறையின் ஆயுதப் பிரிவு ஆளோ பார்க்க வேண்டிய வேலை.

பின்பக்கம் திறக்கும் வகையாக இருந்தால் எளிது. நெம்புகோலைத் திருப்பி மடித்துத் திறந்து, அறையில் தோட்டா இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். திறக்க மறுத்தால் முட்டியால் தட்டாதீர்கள்.

இது என்ன துப்பாக்கி?

லைசென்ஸ் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று இருந்தால் குழல்வாய் வழி மருந்திடும் ஒற்றைக்குழல். எஸ்.பி.பி.எல். என்று இருந்தால் பின்பக்கம் தோட்டா போடும் ஒற்றைக்குழல். புத்தகத்தில் உள்ள எண்ணும், கம்பெனிப் பெயரும் இரும்பில் வெட்டியிருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அது பெரிய விஷயம், அலுவலகத்துக்குப் போகும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அடுத்து, குழல் வழவழப்பா, வரியுள்ளதா? காலியென்று உறுதியான பிறகு, பின்பக்கம் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ரைபிளில் சுருள் வரிகள் திருகிக்கொண்டு போவது தெரியும். ரவை சுடும் துப்பாக்கியில் கண்ணாடி மாதிரி வெறும் உருளைதான். ஆயுதச் சட்டம் 1959 இந்த வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வழவழப்பான துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டாலும், குழல்வாய் வழி மருந்திடும் துப்பாக்கியை உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்டாலும், 13-ஆம் பிரிவு உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. ரைபிள் கேட்டால் தேவையை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

தோற்றத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பிரிட்டிஷ் ராணுவம் 1871-இல் எடுத்துக்கொண்ட மார்ட்டினி–ஹென்றி ரைபிளில், கீழே உள்ள நெம்புகோலை இறக்கினால் கட்டை தாழ்ந்து அறை திறக்கும். அதே பொறியை வைத்து கிரீனர் கம்பெனி 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) ரவைத் துப்பாக்கியும் செய்தது. பார்த்தால் ரைபிள், உள்ளே வழவழப்பு. இன்னொரு வகை இஷாப்பூரில் 303 ரைபிளை மாற்றி, போலீஸ் மற்றும் சிறைக் காவலர்களுக்கென்று ஒற்றைத் தோட்டாவாகச் செய்த 410 மஸ்கட். பார்ப்பதற்குச் சாதுவாக இருந்தாலும் அது தடைசெய்யப்பட்ட போர் பட்டியலில் இருக்கிறது. 303-ம் அப்படித்தான். இவற்றுக்கு ஆட்சியர் லைசென்ஸ் கொடுக்க முடியாது, மத்திய அரசுதான் கொடுக்க வேண்டும். வீட்டில் கிடைத்தது இந்த வகை என்றால் மேற்கொண்டு ஆராய்ச்சி வேண்டாம், நேராகக் கீழே சொல்லும் ஒப்படைப்பு வேலைக்குப் போங்கள்.

குழலின் வெளிப்பக்கம் பாம்புத்தோல் மாதிரி நெளிநெளியாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றி அடித்தது. அழகு அழகுதான், ஆனால் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவின் அழுத்தத்துக்கு அது செய்யப்படவில்லை. லண்டன், பர்மிங்ஹாம் சோதனைச் சாலை முத்திரைகளில் என்.பி. என்ற எழுத்து இருந்தால்தான் புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம்.

காகிதம்: உண்மையான வேலை இங்கேதான்

லைசென்ஸ்தாரர் இறந்த நாளிலிருந்து அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதற்குச் சட்டப்படி ஆதாரம் இல்லை. லைசென்ஸ் அவர் பெயருக்கு உரியது, வீட்டுக்கு உரியதல்ல. ஆகவே தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்படைத்தால் துப்பாக்கி போய்விடும் என்று பயந்து ஒளித்துவைப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் ஒப்படைப்பதுதான் உங்கள் உரிமையைக் காப்பாற்றும். வாரிசுக்கு லைசென்ஸ் கிடைத்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், இல்லை வாங்கத் தகுதியுள்ளவருக்கு விற்கலாம். ஒன்று மட்டும் கவனம்: காலவரையின்றி அங்கேயே விட்டுவிட்டால் பறிமுதல் ஆணை வரும்.

ஒப்படைக்கும்போது ரசீதில் கம்பெனிப் பெயர், எண், போர், குழல் நீளம், கட்டையில் கீறல் இருந்தால் அது உட்பட எழுதச் சொல்லுங்கள். "ஒரு பழைய துப்பாக்கி" என்று மட்டும் எழுதிய ரசீதால் பிரயோசனம் இல்லை. நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாரிசு லைசென்ஸுக்கு ஆயுத விதிகள் 2016-இன் 25-ஆம் விதி வழி செய்கிறது. தாத்தா உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் முடியும். அவருக்கு 70 வயதாகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதே, அவர் காட்டும் வாரிசு விண்ணப்பிக்கலாம். என்னைக் கேட்டால் இதுதான் நல்ல வழி. அவர் கையெழுத்து, அவர் வாய்மொழி, அவர் புத்தகம் எல்லாம் உயிரோடு இருக்கும்போது வேலை பாதியாகக் குறையும்.

விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பழைய லைசென்ஸ் அசல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழி, முகவரி மற்றும் அடையாளச் சான்றுகள், மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று ஆகியவை தேவைப்படும். வாரிசுச் சான்றில் சித்தப்பா, அத்தை பெயர் எல்லாம் இருந்தால் அவர்கள் கையெழுத்தும் வேண்டும். பங்காளிச் சண்டை இருக்கும் வீடுகளில் கோப்பு நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிறகு காவல்துறை விசாரணை நடக்கும். லைசென்ஸ் வழங்கப்படும்போது தேசியத் தரவுத்தளத்தில் பதிந்து ஒரு தனி அடையாள எண் கொடுப்பார்கள். தாத்தாவின் பழைய புத்தகத்தில் அந்த எண் இல்லை என்றால், அது கடைசி வரை முறையாகப் புதுப்பிக்கப்பட்டதா என்பதை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவரின் 1950-களின் லைசென்ஸ் சேலத்தில் கொடுத்ததாக இருக்கும், இடையில் புதுப்பித்தது தர்மபுரியில், கடைசியாகக் கிருஷ்ணகிரியில். மூல ஆவணம் தேவை என்று எழுத்தர் சொன்னால் மூன்று ஆட்சியர் அலுவலகங்களையும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பழைய புத்தகத்தில் உள்ள முத்திரைகளை எல்லாம் வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அவர்களுக்கும் தேடுவது எளிது.

ஆயுதச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, வாரிசு வழியில் வந்தாலும் அந்த வரம்பு உண்டு. லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். முடிகிற தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள்.

லைசென்ஸே இல்லாமல் தலைமுறையாகக் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கி என்றால்? அது வாரிசுச் சொத்தல்ல, வழக்கு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, 5 ஆண்டு வரை சிறை. தயாரித்தால் 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை. வனத்துறையும் காவல்துறையும் நம் மலைக்கிராமங்களில் அவ்வப்போது "தாமாக ஒப்படைத்தால் நடவடிக்கை இல்லை" என்று தண்டோரா போடுவதுண்டு. ஊர்ப் பெரியவர், ஊராட்சித் தலைவர் மூலம் ஒப்படைத்தவர்கள் நிறையப் பேர். அப்படி அறிவிப்பு வரும்போது கொடுத்துவிடுங்கள். அறிவிப்பு இல்லாத நேரத்தில் கண்ணில் பட்டால், ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போய் எழுத்து மூலம் கொடுங்கள். கிணற்றில் போடுவது, வரப்பில் புதைப்பது, மச்சானிடம் தள்ளிவிடுவது எல்லாம் நாளை யார் கையிலோ கிடைத்து உங்கள் வாசலுக்கே திரும்பி வரும்.

சரணாலயத்திலிருந்து எவ்வளவு தூரம்?

இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு சரணாலயத்துக்குள்ளோ, அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருக்கும் துப்பாக்கி லைசென்ஸ்தாரர்கள் தங்கள் பெயரை வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று வனவிலங்குச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சுற்றளவுக்குள் புது லைசென்ஸ் கொடுக்க முதன்மை வனஉயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். நம் பக்கம் 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022-இல் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. அஞ்செட்டி, உரிகம், பென்னாகரம் பக்கத்துக் கிராமங்கள் பலவும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். தாத்தா காலத்தில் இல்லாத விதி உங்கள் காலத்தில் இருக்கிறது. கோப்பு நகரவில்லையே என்று ஆட்சியர் அலுவலகத்தில் நிற்கும்போது, அது வனத்துறைக் கருத்துக்குப் போயிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்குக் காட்டுவழி குறுக்குப் பாதை என்று சொல்லிக்கொண்டு தோளில் மாட்டிப் போகக் கூடாது.

கழுவுவது, எண்ணெய் போடுவது

லைசென்ஸ் வந்து துப்பாக்கி வீடு திரும்பிய பிறகுதான் இந்த வேலை. கருமருந்து சுட்ட குழலில் படியும் கசடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒரே இரவில் துருவை ஆரம்பித்துவிடும். பழைய வகைக் கேப்பிலும் தோட்டாவிலும் பொட்டாசியம் குளோரேட் இருக்கும், வெடித்ததும் உப்பாக மாறிக் குழலில் தங்கும். இந்த உப்பு எண்ணெயில் கரையாது. அதனால்தான் "எண்ணெய் போட்டுத்தான் வைத்தேன், ஆனாலும் துரு பிடித்துவிட்டது" என்ற புலம்பல். தண்ணீர்தான் அதைக் கரைக்கும்.

குழலைக் கட்டையிலிருந்து பிரிக்க முடிந்தால் பிரித்து, கேப்பு முனையைக் கழற்றிவிட்டு, குழலின் அடியைச் சுடுதண்ணீர் வாளியில் நிறுத்துங்கள். தண்ணீரில் கொஞ்சம் துணி சோப்பு. கம்பி நுனியில் பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றி மேலும் கீழும் இழுத்தால், கேப்பு முனைத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கும், தண்ணீர் கருப்பாக மாறும், அழுகிய முட்டை வாடை வரும். அது கந்தகம், பயப்பட வேண்டாம். தண்ணீர் தெளிவாக வரும்வரை மாற்றுங்கள். கடைசியாக நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றினால் இரும்பு சூடேறித் தானே உலரும். பிறகு உலர்ந்த துணி, அதற்குப் பிறகு மெல்லிய எண்ணெய்.

எந்த எண்ணெய்? வீட்டில் கைக்குக் கிடைப்பது தேங்காய் எண்ணெய். தளி, ஓசூர்ப் பக்கத்துக் குளிருக்கு அது உறைந்து கெட்டியாகிவிடும், நாளடைவில் பிசினாகிப் பொறியை ஒட்டவைக்கும். விளக்கெண்ணெய் இன்னும் மோசம். தையல் மெஷின் எண்ணெய் மலிவு, மெல்லியது, போதும். கட்டைக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து உலரவிடுங்கள். குழலின் பழைய நீலக் கருப்பை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்க வேண்டாம், முத்திரை எழுத்துகள் தேய்ந்து போனால் அடையாளமே போய்விடும்.

உடைந்த சுத்தியல், தளர்ந்த கீல், கட்டையின் கழுத்தில் கீறல் இதெல்லாம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். ஊர்க் கொல்லர் நல்ல கைக்காரராக இருக்கலாம், ஆனால் லைசென்ஸ் இல்லாமல் பழுது பார்த்தால் அவர்மேலும் வழக்கு வரும். குழலை வெட்டிக் குட்டையாக்குவது தனிக் குற்றம்.

சுடலாமா, எங்கே?

பழுதுபார்ப்பவர் கையில் பிரித்துக் காட்டாமல் சுடக் கூடாது. சுத்தியலைப் பாதியில் ஏற்றி நிறுத்தும் பல் தேய்ந்திருந்தால் விசை தொடாமலே விழுந்துவிடும். பின்பக்கம் தோட்டா போடும் பழைய 12 போர்களில் இன்னொரு கண்ணி: பலவற்றில் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு வெட்டப்பட்டது. இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போய் உட்காரும், ஆனால் வெடித்து விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். அறையின் நீளத்தை அளக்காமல் தோட்டா வாங்க வேண்டாம். பெட்டியில் கிடைத்த, பச்சை பூத்த பழைய தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்க நினைக்காதீர்கள், விற்பனையாளரிடம் கொடுத்துவிடுங்கள். கருமருந்தை வீட்டில் கலக்குவது வெடிபொருள் சட்டத்தில் போய் விழும்.

குறி பார்த்துச் சுடுவதுதான் ஆசை என்றால் ரைபிள் கிளப் இருக்கிறது. சென்னை, கோவை கிளப்புகள் பழையவை. பழைய துப்பாக்கியை அங்கே அனுமதிப்பார்களா என்பது அந்தந்த இடத்துச் சுடுதளத்தைப் பொறுத்தது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏர் ரைபிளில் ஆரம்பித்தால் கை பழகும், செலவும் குறைவு. கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு 2019-இலிருந்து தனித் தண்டனையே உண்டு: 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பன்றி வயலில் இறங்கினால்

இதுதான் உண்மையான வேதனை. ராகி கதிர் முற்றும்போது யானை, கடலைக் காட்டில் பன்றி. லைசென்ஸில் பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதியிருந்தாலும், அது காட்டுவிலங்கைச் சுட அனுமதிச் சீட்டு ஆகாது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை ஆயுதச் சட்டம் தருகிறது, விலங்கைச் சுடும் அனுமதியை வனவிலங்குச் சட்டம்தான் தர வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் சிக்குகிறார்கள். லைசென்ஸில் குறிப்பிட்ட பரப்பைத் தாண்டித் துப்பாக்கியை எடுத்துப் போவதும் மீறல்.

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கு ஒரு நடைமுறை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான். நம் மலையோர வயல்களில் பெரும்பகுதி முதல் இரண்டு வளையத்துக்குள்தான் இருக்கிறது. கோபம் வருவது நியாயம்தான். ஆனாலும் கிராம அளவில் குழு அமைப்பது அந்த நடைமுறையிலேயே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர் வழியாகப் புகாரை எழுத்தில் பதிவு செய்யுங்கள். பயிர் அழிந்த அன்றே போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள். இரண்டு நாள் கழித்து வயலை உழுதபிறகு போனால் பார்வையிட ஒன்றும் இருக்காது. யானையின் மேல் ரவை சுடுகிறவர் அது ஓடிவிடும் என்று நினைக்கிறார். காயம் பட்ட யானை அடுத்த ஊரில் யாரையாவது மிதிக்கும்.

வீட்டில் வைப்பது

பூட்டிய இரும்பு அலமாரி, துப்பாக்கி ஒன்றில், தோட்டா வேறொன்றில், சாவி ஒருவரிடம். மருந்து நமத்துவிடும் என்று அடுப்புக்கு மேலே தொங்கவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பார்த்த அன்றைக்கு அந்த வீட்டில் எனக்குக் காபி இறங்கவில்லை. வீட்டில் குடிப்பவரோ, மனம் சரியில்லாதவரோ இருந்தால் துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கவே வேண்டாம், விற்பனையாளரிடம் வாடகை கொடுத்துப் பாதுகாப்பில் வைக்கலாம். வெளியே எடுத்துப் போகும்போது காலியாக, உறைக்குள், லைசென்ஸ் அசலோடு. தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீதோடு கொடுத்து, தேர்தல் முடிந்ததும் மறக்காமல் வாங்கி வந்து, உடனே பிரித்துத் துடைத்து எண்ணெய் போடுங்கள். நிலையத்து அறையில் நின்ற துப்பாக்கி துரு இல்லாமல் திரும்புவது அபூர்வம்.

யாருக்கும் வேண்டாம் என்றால்

பிள்ளைகள் பெங்களூரில், ஊரில் யாருமில்லை என்றால் லைசென்ஸுக்கு அலைய வேண்டிய அவசியமில்லை. லைசென்ஸ் பெற்ற விற்பனையாளருக்குக் கொடுக்கலாம். இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்பதானால் ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழித்துத்தான் கைமாற்ற வேண்டும். இனி எப்படிப் பழுது பார்த்தாலும் சுடவே முடியாத அளவுக்குக் கெட்டுப்போன பழம்பொருளை 45-ஆம் பிரிவு ஆயுதச் சட்டத்துக்கு வெளியே வைக்கிறது. ஆனால் அது சுடாது என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள் அல்ல. லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் எழுதி வாங்கி, காவல் நிலையத்திலும் மனுக் கொடுத்து ஏற்பு ரசீது வாங்கிய பிறகே சுவரில் ஆணி அடியுங்கள்.